ஓட்டு இல்லாதவளின் பத்து நாள்: அலபாமாவிலிருந்து சிகாகோ வரை

அக்டோபர் 25, 2008, சனி – மாண்ட்கோமரி, அலபாமா

அமெரிக்காவுக்கு வா வா என்று மகள் நாலு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வந்தால் அதிபர் தேர்தல் நேரத்தில்தான் வருவேன் என்று நான்தான் தள்ளிப்போட்டு வந்தேன். போன வருடம் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. 1977 மார்ச் தேர்தலில் தொடங்கி குமரி மாவட்டத்தின் எத்தனையோ பூத்துகளில் தேர்தல் வேலை பார்த்திருக்கிறேன். முதலில் விரலில் மை வைக்கிற வேலை, பிற்பாடு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். ஓட்டுப்பெட்டிக்கு அரக்கு வைத்துச் சீல் போட்ட கை இது. இன்னொரு நாடு எப்படி ஓட்டுப் போடுகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

இன்று மதியம் அட்லாண்டாவில் இறங்கி, வாடகைக்குக் கார் எடுத்து, மகள் ஓட்ட, இரண்டரை மணி நேரத்தில் அலபாமாவின் தலைநகருக்கு வந்துவிட்டோம். இங்கிருந்து செல்மா, மெம்பிஸ், செயின்ட் லூயிஸ், ஸ்பிரிங்ஃபீல்ட் வழியாக அவள் ஊரான சிகாகோவுக்குத் திரும்புவதாகத் திட்டம். இரண்டு வயதுப் பேரனை மாப்பிள்ளையிடமும் சம்பந்தி அம்மாளிடமும் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். "எல்லாரும் நயாகரா பார்க்கணும்பாங்க, நீங்க அலபாமா பார்க்கணும்கிறீங்க அம்மா" என்றாள் மகள். சொன்னாளே தவிர, வழியை வரைந்து, தங்க இடம் பிடித்து எல்லாம் செய்தது அவள்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒபாமா ஜெயிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இராக் போர் தொடங்குவதற்கு முன்பே, 2002 அக்டோபரில், சிகாகோவில் ஒரு கூட்டத்தில் நின்று இது முட்டாள்தனமான போர் என்று சொன்னவர். அப்போது அவர் மாநில அளவில் ஒரு செனட்டர், அவ்வளவுதான். நாடே போர் போர் என்று கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் அப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

அவரை எதிர்த்து நிற்கிற மெக்கெய்ன் மேலும் எனக்கு மரியாதை உண்டு. வியட்நாமில் ஐந்தரை வருடம் சிறைப்பட்டுச் சித்திரவதை அனுபவித்தவர், கைதிகளை வதைக்கக் கூடாது என்று தன் கட்சிக்குள்ளேயே நின்று பேசியவர். இரண்டு வாரம் முன்பு மின்னசோட்டாவில் ஒரு பெண்மணி ஒபாமாவை 'அரபி' என்றபோது, அவர் கையிலிருந்த மைக்கை வாங்கி, இல்லையம்மா, அவர் நல்ல குடும்பஸ்தர், இந்த நாட்டுக் குடிமகன் என்றார். டி.வி.யில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்படி ஒருவர் இருந்தால்தான் என்ன என்ற கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. போன ஞாயிறு முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அதையும் கேட்டார்: அவர் முஸ்லிம் இல்லை, சரி, முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன தப்பு?

அக்டோபர் 26, ஞாயிறு – மாண்ட்கோமரி

காலையில் டெக்ஸ்டர் அவென்யூ சர்ச்சுக்கு ஆராதனைக்குப் போனோம். 1954 முதல் 1960 வரை மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்த சபை. செங்கல் கட்டடம், நான் மனதில் வைத்திருந்ததைவிடச் சின்னது. பாடகர் குழு ஒரு பாட்டை எடுத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே ராகத்தை எங்கள் ஊர்ச் சபையில் தமிழில் பாடுவோம். ஆனால் இவர்கள் பாடுவதுபோல உடம்பு முழுவதும் பாடாது.

சர்ச் படியில் நின்றால் மாநிலச் சட்டசபைக் கட்டடத்தின் வெள்ளைக் கோபுரம் கண்ணுக்கு நேரே தெரிகிறது. நடந்து போய்விடலாம், ஒரு தெரு தூரம்தான். அதன் வாசல் மண்டபத்தில், தரையில், பித்தளையில் ஒரு நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். 1861 பிப்ரவரியில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைவராக ஜெஃபர்சன் டேவிஸ் உறுதிமொழி எடுத்த இடம். 1963-ல் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், கறுப்பரையும் வெள்ளையரையும் தனித்தனியே வைப்பதைப் பற்றி, 'இன்றைக்கும் பிரிவினை, நாளைக்கும் பிரிவினை, என்றைக்கும் பிரிவினை' என்று முழங்கியதும் இங்கேதான். இரண்டே வருடம் கழித்து, செல்மாவிலிருந்து ஓட்டுரிமை கேட்டுக் கிளம்பிய நடைப்பயணம் 25,000 பேராகப் பெருகி இந்தப் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றது.

சர்ச்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு எண்பது வயதிருக்கும். நான் இந்தியாவிலிருந்து வருகிறேன், தேர்தல் வேலை பார்த்தவள் என்று மகள் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். 1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்துக் கைதான பிறகு கறுப்பர்கள் பஸ் ஏறாமல் இருந்தது 381 நாள். அந்த நாள் எல்லாம் இவர் சமையல் வேலைக்கு நடந்தே போய்வந்திருக்கிறார். கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த வாக்காளர் அட்டையை எடுத்துக் காட்டினார். அதை வைத்திருக்கும் உறையின் ஓரமெல்லாம் மஞ்சளித்து, மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது.

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேவிட்டேன். இந்த நாட்டில் மக்கள் ஓட்டை மொத்தமாக எண்ணி அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலத்துக்கு இத்தனை என்று மொத்தம் 538 தேர்வாளர்கள். 270 கிடைத்தவர் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலத்திலும், ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமும் போய்விடுவார்கள். அலபாமாவுக்கு 9 பேர். 1976-ல் கார்ட்டருக்குப் பிறகு அலபாமா ஒபாமாவின் ஜனநாயகக் கட்சிக்கு விழுந்ததே இல்லை, இந்தத் தடவையும் விழாது. அப்படியானால் பாட்டியின் ஓட்டு?

"தெரியும்" என்றார். "ஆனால் எண்ணுகிறபோது அதில் நானும் இருக்கணும்."

அக்டோபர் 27, திங்கள் – செல்மா

ஊரில் இன்று தீபாவளி. பக்கத்து வீடுகளிலிருந்து முறுக்கும் அதிரசமும் தட்டு தட்டாக வந்திருக்கும். நாங்கள் காரில் பிஸ்கட்டும் ஆப்பிளும் தின்றுகொண்டே 80-ஆம் எண் சாலையில் மேற்கே போனோம். 1965 மார்ச் 21 முதல் 25 வரை மக்கள் நடந்து வந்த அதே 54 மைல் வழி, எதிர்த் திசையில்.

பாதி வழியில், மேட்டில், இரும்புக் கம்பி வேலிக்குள் ஒரு கல் நிற்கிறது. வயோலா லியூசோ. டெட்ராய்ட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண், ஐந்து பிள்ளைகளின் தாய். நடைப்பயணம் முடிந்த அன்று இரவு, நடந்தவர்களைக் காரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோது வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் ஆட்கள் துரத்தி வந்து சுட்டுக் கொன்றார்கள். வண்டியை ஓரம் கட்டி இறங்கினோம். யாரோ வைத்த பிளாஸ்டிக் பூ வெயிலில் நிறம் போய்க் கிடந்தது. மகள் ஒன்றும் பேசவில்லை. வெகுநேரம் கழித்து, "அஞ்சு பிள்ளைங்கம்மா" என்றாள்.

செல்மா சின்ன ஊர். பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. பிரவுன் சேப்பல் சர்ச்சிலிருந்து கிளம்பி நாங்களும் பாலத்துக்கு நடந்தோம். எட்மண்ட் பெட்டஸ் பாலம். கறுப்பர்களை அடிமையாக வைத்திருக்கப் போரிட்ட படைத்தளபதியின் பெயர் இன்னும் அதன் இரும்பு வளைவில் பெரிய எழுத்தில் இருக்கிறது. நடந்து பார்த்தால்தான் ஒன்று புரிகிறது. பாலம் நடுவில் மேடாக எழும்புகிறது. ஊர்ப் பக்கமிருந்து ஏறும்போது அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. கீழே அலபாமா ஆறு, மேலே வானம், அவ்வளவுதான். உச்சிக்கு வந்த பிறகுதான் எதிர்ப்பக்கம் முழுக்கத் தெரியும். 1965 மார்ச் 7 அன்று சுமார் 600 பேர் இந்த உச்சிக்கு வந்தபோது, கீழே சாலையை அடைத்துக்கொண்டு போலீஸ் நின்றது. அவர்கள் திரும்பவில்லை. தடியடி, கண்ணீர்ப்புகை, குதிரைகள். முன்னால் வந்த ஜான் லூயிஸுக்கு மண்டை உடைந்தது. அவருக்கு அப்போது வயது 25. இப்போது அட்லாண்டாவின் எம்.பி.

அவர்கள் கேட்டது, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி. இந்த மாவட்டத்தில் ஓட்டுப் போடும் வயதுக் கறுப்பர்கள் ஏறக்குறைய 15,000 பேர், பட்டியலில் இருந்தவர்கள் சில நூறு. பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாள்தான் திறக்கும். போனால், அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கம் சொல்லச் சொல்வார்கள். சோப்புக் கட்டியில் எத்தனை நுரைக்குமிழ் வரும் என்று கேட்ட கதைகூட இந்தப் பக்கத்தில் வழங்குகிறது. நான் பட்டியல் திருத்தும் வேலையும் பார்த்தவள். வீடு வீடாகப் போய், விட்டுப்போன பெயரைச் சேர்ப்பதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை. பெயர் சேராமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு அதிகாரி சம்பளம் வாங்கினான் என்பது எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது.

பாலத்தின் நடுவில் நின்றபோது என் பாட்டி சொன்னவை நினைவுக்கு வந்தன. எங்கள் பக்கம் அன்று திருவிதாங்கூர் ராஜ்யம். 1859-ல் அரசு உத்தரவு வரும் வரை எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தோளில் துணி போட உரிமை கிடையாது. போட்டவர்களைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். அதற்குச் சரியாக நூறு வருடம் கழித்து, 1959-ல், கிங் தம் மனைவியோடு இந்தியாவுக்கு வந்து ஒரு மாதம் போல் சுற்றினார். கன்னியாகுமரிக்கும் வந்து, சூரியன் கடலில் இறங்குவதையும் நிலா எழும்புவதையும் பார்த்துவிட்டுப் போனார். நான் அப்போது பத்து வயதுப் பிள்ளை. எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு மைலில் அவர் நின்றது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது.

வாக்குரிமைச் சட்டத்தில் 1965 ஆகஸ்ட் 6-ஆம் தேதி கையெழுத்தானது. 43 வருடம். செல்மாவின் அந்தப் பிரவுன் சேப்பல் சர்ச்சில் போன வருடம் மார்ச்சில் ஒபாமா வந்து பேசினார்.

அக்டோபர் 28, செவ்வாய் – சாலையில்

நாள் முழுக்கப் பயணம். பெட்ரோல் விலை ஜூலையில் கேலன் 4 டாலரைத் தாண்டியிருந்ததாம், இப்போது நன்றாக இறங்கியிருக்கிறது. ஆனால் யார் முகத்திலும் சந்தோஷம் இல்லை. லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி செப்டம்பர் 15-ல் விழுந்ததிலிருந்து மாப்பிள்ளை ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை என்று மகள் இன்றுதான் சொன்னாள். வேலை போனால் விசாவும் போகும்.

அண்ணன் நாகர்கோவிலிலிருந்து போன் பண்ணினான். "இந்தியாவுக்கு யார் வந்தா நல்லது, அதைச் சொல்லு" என்றான். அணுசக்தி ஒப்பந்தம் இந்த மாதம்தான் கையெழுத்தானது. ஒபாமா, மெக்கெய்ன் இரண்டு பேரும் அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர்கள்தான் என்றேன். அப்புறம் வன்னியைப் பற்றிச் சொன்னான். சென்னையில் கொட்டுகிற மழையில் மனிதச் சங்கிலியாக நின்றிருக்கிறார்கள். கிளிநொச்சிப் பக்கம் குண்டு விழுகிறது, சனங்கள் மரத்தடியில் கிடக்கிறார்கள். வாஷிங்டனில் யார் வந்து உட்கார்ந்தாலும் அந்தச் சனங்களை ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வேண்டும். அவர்களுக்காக அங்கே ஓட்டுப் போட யார் இருக்கிறார்கள்? இந்த நாட்டு அதிபர் எடுக்கிற முடிவு பாக்தாத்தில் ஒரு வீட்டின் கூரைமேல் போய் இறங்குகிறது, அந்த வீட்டுக்காரிக்கு இங்கே ஓட்டில்லை. எனக்கும் இல்லை. அதனால்தான் வெளியில் இருக்கிற நாங்கள் இவ்வளவு கவலைப்படுகிறோம்.

அக்டோபர் 29, புதன் – மெம்பிஸ், டென்னசி

லொரேன் மோட்டல். பச்சைக் கதவுகள், மாடி வராந்தா, கம்பியில் ஒரு வெள்ளை மலர் வளையம். 1968 ஏப்ரல் 4 மாலை 306-ஆம் அறையின் வாசலில் கிங் சுடப்பட்டார். மோட்டலே இப்போது அருங்காட்சியகம். எல்லாரும் அந்த அறையைப் பார்த்து அழுகிறார்கள். என்னை நிறுத்தியது உள்ளே வைத்திருக்கிற குப்பை லாரி. கிங் இந்த ஊருக்கு வந்ததே துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்காக. அந்தப் பிப்ரவரியில் ஒரு மழை நாளில், ஒதுங்க இடமில்லாமல் லாரியின் பின்பக்கம் ஏறி நின்ற எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு பேரை, குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக ஓடி நசுக்கிவிட்டது. 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். நம் ஊரில் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்தவர்களின் நினைவு வராமல் அந்த லாரியைத் தாண்ட முடியவில்லை.

மதியத்துக்கு மேல், நான் வந்த காரியம். இந்த மாநிலத்தில் தேர்தல் நாளுக்கு முன்பே நேரில் போய் ஓட்டுப் போடலாம், நாளையோடு முடிகிறது. ஒரு சர்ச் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்தது. வாசலிலிருந்து 100 அடியில் எல்லைப் பலகை. அதற்கு உள்ளே கட்சிக்காரர் யாரும் நிற்கக் கூடாது. நமக்கு 100 மீட்டர், சுண்ணாம்புக் கோடு. பலகைக்கு வெளியில் புல்லில் நின்றுகொண்டோம்.

வரிசை கட்டடத்தைச் சுற்றி, கார்கள் நிற்கும் இடத்தையும் தாண்டிப் போயிருந்தது. இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். மடக்கு நாற்காலியோடு வந்த பாட்டிகள், இடுப்பில் பிள்ளையோடு வந்த தாய்மார், ஆஸ்பத்திரி உடுப்போடு நேராக வந்தவர்கள். வரிசை இரண்டடி நகரும். நாற்காலியை எடுப்பார்கள், இரண்டடி வைப்பார்கள், உட்காருவார்கள். ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. அதேசமயம் எனக்கு ஒரு கோபமும் வந்தது. வேலை நாளில் இரண்டு மணி நேரம் நிற்க எத்தனை கூலிக்காரர்களுக்கு முடியும்? 1845-ல், விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு வரத் தோதாக, தேர்தல் நாளை நவம்பர் செவ்வாய் என்று வைத்தார்கள். இன்றும் அதே செவ்வாய். நாடு முழுவதற்கும் விடுமுறை கிடையாது. நம் ஊரில் அன்று ஊரே லீவு.

ஒரு இளைஞன் கையில் ஒரு தாளோடு வெளியே வந்தான். முகம் சரியில்லை. மகள் பேச்சுக் கொடுத்தாள். வீடு மாறியிருக்கிறான், பட்டியலில் பெயர் இல்லை, 'தற்காலிக ஓட்டு' போடச் சொல்லியிருக்கிறார்கள். உறையில் போட்டுத் தனியே வைப்பார்கள், விசாரித்துத் தகுதி இருந்தால் எண்ணுவார்கள். 2000-ல் புளோரிடாவில் நடந்த குளறுபடிக்குப் பிறகு, 2002-ல் போட்ட சட்டத்தால் வந்த ஏற்பாடு. அந்தத் தாளில், தன் ஓட்டு எண்ணப்பட்டதா இல்லையா என்று அவன் எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று அச்சடித்திருந்தது.

அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு 1984 டிசம்பர் ஞாபகம் வந்துவிட்டது. பேச்சிப்பாறைக்கு மேலே மலையோரத்தில் ஒரு பூத். மூன்று மணிக்கு ஒரு கிழவி வந்தாள். காட்டு வழியில் காலையிலிருந்து நடந்து வந்திருக்கிறாள், காலில் அட்டை கடித்த ரத்தம். பட்டியலைப் பார்த்தால் அவள் பெயரில் யாரோ ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டார்கள். சட்டப்படி டெண்டர் ஓட்டுக் கொடுத்தேன். சீட்டில் முத்திரை குத்தி, மடித்து, என் கையில் தந்தாள். பெட்டியில் போடாமல் தனி உறையில் வைத்தேன். அந்த உறையைச் சாதாரணமாக எண்ணமாட்டார்கள், கோர்ட் கேட்டால்தான் உண்டு. அது எனக்குத் தெரியும். "போட்டாச்சா மோளே?" என்று கேட்டாள். "போட்டாச்சு பாட்டி" என்றேன். சிரித்துக்கொண்டே மலையேறிப் போனாள். 24 வருடமாக அந்த "போட்டாச்சு" என் தொண்டையில் நிற்கிறது.

"தேர்தல் முடிந்ததும் மறக்காமல் கேள் தம்பி" என்று அந்தப் பையனிடம் சொல்லச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டு, தாளை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தான்.

ராத்திரி விடுதியில், ஒபாமாவின் பிரசாரக் குழு பணம் கொடுத்து வாங்கிய அரை மணி நேர நிகழ்ச்சியை டி.வி.யில் பார்த்தோம். அவர் பேசியதைவிட, அதில் வந்த குடும்பங்கள் பேசியது மனதில் நிற்கிறது.

அக்டோபர் 31, வெள்ளி – செயின்ட் லூயிஸ், மிசௌரி

630 அடி உயர எஃகு வளைவைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள். இரண்டு வாரம் முன்பு அதன் அடியில் ஒபாமாவுக்கு ஒரு லட்சம் பேர் கூடினார்கள். வளைவுக்கு நேர் எதிரே பழைய கோர்ட் கட்டடம். அடிமையாக இருந்த ட்ரெட் ஸ்காட் தன் விடுதலைக்காக இங்கே வழக்காடினார். 1850-ல் இங்கே ஜெயித்தார். 1857-ல் உச்ச நீதிமன்றம், கறுப்பர்கள் இந்த நாட்டுக் குடிமக்களே ஆக முடியாது என்று தீர்ப்பெழுதியது. அவர் கல்லறைக்கும் போனோம். கல்லின் தலைமேல் வரிசையாக ஒரு சென்ட் காசுகள், எல்லாவற்றிலும் லிங்கன் முகம். நானும் ஒன்று வைத்தேன்.

காலைச் சாப்பாட்டின்போது பக்கத்து மேசையில் மெக்கெய்ன் பேட்ஜ் குத்திய வயதான தம்பதி. இந்த மாநிலத்தின் தெற்கே, பண்ணை வைத்திருக்கிறார்கள். மகன் இரண்டாவது தடவையாக இராக்கில். கையைப் பிடித்து ஜெபம் பண்ணிவிட்டுத்தான் சாப்பிட்டார்கள். "யார் வந்தாலும் சரி, அவன் வீடு வந்து சேரணும்" என்றார் அந்த அம்மாள். இதற்கு மேல் நான் அவர்களிடம் என்ன வாதம் பண்ண? 4,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. இராக்கியர்களின் கணக்கை ஒழுங்காக எடுத்தவர்கள்கூட இல்லை.

1904-லிருந்து 1956 ஒன்றைத் தவிர, மிசௌரி யாரைத் தேர்ந்தெடுத்ததோ அவரேதான் அதிபர். பெட்ரோல் பங்க்கில் இருந்தவர்கூட அதைப் பெருமையாகச் சொன்னார். இன்று ஹாலோவீன். சாயங்காலம் ஒரு வீதியில் ஆறேழு வயதுக் கறுப்புப் பையன் ஒருவன் வேஷம் எதுவும் போடாமல், அப்பாவின் கோட்டையும் சிவப்பு டையையும் மாட்டிக்கொண்டு மிட்டாய் கேட்டு வந்தான். நீ யார் என்று கேட்டார்கள். "பிரசிடென்ட்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 1, சனி – ஸ்பிரிங்ஃபீல்ட், இல்லினாய்

லிங்கனின் ஊர். அவருடைய வீட்டையும் கல்லறையையும் பார்த்தோம். கல்லறை வாசலில் வெண்கலத்தில் அவர் தலை. தொட்டுத் தொட்டு மூக்கு மட்டும் பொன்னாக மின்னுகிறது. பழைய சட்டசபைக் கட்டடத்தில்தான் 1858-ல் 'தனக்குத்தானே விரோதமாகப் பிரிந்திருக்கும் வீடு நிலைநிற்காது' என்று பேசினார். மாற்கு சுவிசேஷத்து வசனம். நான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. போன வருடம் பிப்ரவரி 10-ல், எலும்பு உறைகிற குளிரில், அதே கட்டடத்தின் முன்னால் ஒபாமா தன் போட்டியை அறிவித்தார்.

ஆனால் இதே ஊரில், 1908 ஆகஸ்டில், வெள்ளைக் கும்பல் ஒன்று கறுப்பர்களின் வீடுகளைக் கொளுத்தி, இரண்டு பேரைத் தூக்கிலிட்டது. ஒருவர் எண்பது வயது தாண்டிய செருப்புத் தொழிலாளி, லிங்கனுக்கே செருப்பு தைத்தவர் என்கிறார்கள். அந்த அதிர்ச்சியில்தான் அடுத்த வருடம், லிங்கனின் நூறாவது பிறந்த நாளில், கறுப்பர் உரிமைக்கான தேசியச் சங்கம் பிறந்தது. வரும் பிப்ரவரியில் லிங்கனுக்கு 200 வயது. அப்போது புதிய அதிபர் பதவியேற்று மூன்று வாரம் ஆகியிருக்கும்.

நவம்பர் 3, திங்கள் – சிகாகோ

வீடு வந்து சேர்ந்துவிட்டோம். பேரன் முதலில் என்னிடம் வரமாட்டேன் என்று கோபித்துக்கொண்டான், பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. நவம்பருக்கு இல்லாத வெதுவெதுப்பு. மதியம் கிராண்ட் பார்க் போய்ப் பார்த்தோம். நாளை இரவு ஒபாமா இங்கேதான் பேசுவார், ஜெயித்தாலும் தோற்றாலும். கம்பித் தடுப்புகளும் மேடை வேலையும் மும்முரம். 1968 ஆகஸ்டில் வியட்நாம் போரை எதிர்த்து வந்த இளைஞர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கிய பூங்கா இது.

வீடு திரும்பியதும் செய்தி வந்தது. ஒபாமாவை வளர்த்த பாட்டி, மேடலின் டன்னம், ஹவாயில் இறந்துவிட்டார். வயது 86. பத்து நாள் முன்புதான் பிரசாரத்தை நிறுத்திவிட்டுப் பேரன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரே ஒரு நாள் பாக்கி இருக்கிறது. அந்த ஒரு நாளை ஆண்டவர் அவருக்குக் கொடுத்திருக்கக் கூடாதா? சாயங்காலம் கூட்டத்தில் பேசும்போது ஒபாமாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. நானும் சம்பந்தி அம்மாளும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பாட்டி முன்னாலேயே தபாலில் ஓட்டுப் போட்டுவிட்டாராம். அது செல்லும், எண்ணப்படும் என்று ஹவாய்த் தேர்தல் அதிகாரி சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

எனக்குப் பயமும் இருக்கிறது. கருத்துக் கணிப்பில் கறுப்பருக்கு என்று சொல்லிவிட்டு, மறைவில் மாற்றிக் குத்துகிறவர்கள் உண்டு என்கிறார்கள். 1982-ல் கலிபோர்னியாவில் ஆளுநர் பதவிக்கு நின்ற கறுப்பர் டாம் பிராட்லி அப்படித்தான் தோற்றார் என்று பேச்சு. 2000-ல் புளோரிடாவில் வித்தியாசம் 537 ஓட்டு. சரியாகத் துளைபடாத சீட்டுகளை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள், கடைசியில் உச்ச நீதிமன்றம் எண்ணிக்கையை நிறுத்தியது. நாடு முழுக்க ஐந்து லட்சம் ஓட்டுக்கு மேல் அதிகம் வாங்கிய அல் கோர் தோற்று, புஷ் அதிபரானார். அந்தத் தேர்தல் வேறு மாதிரி முடிந்திருந்தால் இராக்கில் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

குவாண்டனாமோ சிறையை மூடுவதாக இரண்டு பேருமே சொல்லியிருக்கிறார்கள். மூட வேண்டும். ஏறக்குறைய ஏழு வருடமாக விசாரணை இல்லாமல் ஆட்களைப் பூட்டி வைத்துவிட்டு இந்த நாடு யாருக்கும் சட்டம் சொல்ல முடியாது. படைகள் திரும்ப வேண்டும். அடுத்து ஒரு நாட்டின் மேல் போவதற்கு முன் ஒரு நாளாவது யோசிக்கிற ஆள் வர வேண்டும். வந்த பிறகு அவரும் மாறிவிடலாம். நம் ஊரில் பார்க்காததா? இருந்தாலும் இன்று ராத்திரி நான் நம்பத்தான் போகிறேன்.

ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பெரியவர் வந்தார். இருபது வருடம் இருந்து, இந்த வசந்தத்தில்தான் குடியுரிமை வாங்கியிருக்கிறார். நாளை முதல் ஓட்டு. மாதிரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். அதிபர், செனட்டர், காங்கிரஸ் என்று தொடங்கி, நீதிபதிகளை வைத்துக்கொள்ளலாமா என்பது வரை பக்கம் பக்கமாக இருக்கிறது. மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த மாநாடு கூட்ட வேண்டுமா என்று வேறு ஒரு கேள்வி. மகள் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னாள். குறியை முழுசாகப் போட வேண்டும், கோடு வெளியே போகக் கூடாது என்று மட்டும் நான் சொன்னேன்.

நவம்பர் 4, செவ்வாய் – காலை

ஐந்தரைக்கே எழுந்து, பேரனை ஸ்வெட்டரில் சுற்றித் தூக்கிக்கொண்டு, பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கு நடந்தோம். இங்கே வாக்குப்பதிவு ஆறு மணிக்கு. இன்னும் இருட்டு. வரிசையில் ஐம்பது பேருக்கு மேல். மகள் ஆறு வருடமாக இங்கே வரி கட்டுகிறாள், அவளுக்கு ஓட்டில்லை. என் இடுப்பில் இருக்கிறவனுக்கு உண்டு. அவன் முதல் அதிபர் ஓட்டு 2024-ல்.

வரிசையில் குஜராத்திப் பெரியவர். கல்யாணத்துக்குப் போகிறவர்போல கோட்டு, மப்ளர். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். சரியாக ஆறுக்குக் கதவு திறந்தது. நாங்கள் பலகைக்கு வெளியே நின்றோம்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து வெளியே வந்தார். பழக்கத்தில் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார், மை இல்லை. எங்கள் பக்கத்தில் வந்ததும் பாதி ஹிந்தியும் பாதி ஆங்கிலமுமாக அவசரம் அவசரமாகச் சொன்னார், மகள் எனக்குச் சொன்னாள். சீட்டை அவரே கொண்டுபோய் இயந்திரத்தில் செருகினாராம். அது உள்ளே இழுத்துக்கொண்டதாம். அதன் நெற்றியில் ஒரு சின்னக் கண்ணாடி, அதற்குள் எண்.

"முப்பதுன்னு இருந்துச்சு. என் சீட்டு உள்ளே போனதும் முப்பத்தொண்ணு ஆச்சு" என்றார். "நான் நின்னு பார்த்துட்டுத்தான் வந்தேன்."